கையெழுத்து யாருடையது? கருக்கலைப்புச் சட்டம் - வாசகர் கேள்விகளும் பதில்களும்

யார் கையெழுத்துப் போடவேண்டும், எத்தனை வாரம் வரை முடியும். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்கின்றன. சட்டம் பற்றியவற்றுக்கு வழக்கறிஞரும், உடல் பற்றியவற்றுக்கு மகப்பேறு மருத்துவரும் பதில் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறோம்.

கைக்குழந்தைக்குப் பதினோரு மாதம். மறுபடி நாள் தள்ளிப்போய், ஸ்கேனில் எட்டு வாரம் என்று வந்திருக்கிறது. இப்போது இன்னொன்று என்னால் முடியாது. தனியார் மருத்துவமனையில், 'வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் தொடமாட்டோம்' என்கிறார்கள். அவர் துபாயில் இருக்கிறார். மாமனார் போட்டால் செல்லுமா?
- வாசகி, திருச்சி

மாமனாரும் வேண்டாம், கணவரும் வேண்டாம். 18 வயது நிரம்பிய, மனநலக் குறைபாடு இல்லாத பெண்ணுக்கு அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் (ஆஸ்பத்திரிகளில் 'எம்.டி.பி. ஆக்ட்' என்பார்கள்) பிரிவு 3(4) சொல்வது இதுதான்.

நம்பாதவர்களிடம் சட்டத்தைவிடப் படிவத்தைக் காட்டுவது எளிது. ஒப்புதலுக்கான படிவத்தின் பெயர் 'படிவம் சி'. ஒரே பக்கம். இன்னாரின் மகள் அல்லது மனைவியாகிய நான், வயது இவ்வளவு, நிரந்தர முகவரி இது, இப்போது வசிப்பது இங்கே, இந்த இடத்தில் என் கருவைக் கலைக்க ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே பெண்ணின் கையெழுத்து. அதற்கும் கீழே பாதுகாவலருக்கு ஒரு பகுதி உண்டு. பெண் 18 வயதுக்குக் குறைந்தவராகவோ மனநோயாளியாகவோ இருந்தால்தான் அதை நிரப்ப வேண்டும். கணவரின் பெயர் 'மனைவி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருவதோடு சரி. அவர் கையெழுத்துப் போட அந்தத் தாளில் இடமே கிடையாது. 'படிவம் சி-யை எடுங்கள், அவர் எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

பல மருத்துவமனைகள் இந்தப் படிவத்தோடு தாங்களே அச்சடித்த அறுவைச் சிகிச்சை ஒப்புதல் தாளையும் நீட்டும். 'அட்டெண்டர் கையெழுத்து' என்ற வரி அதில்தான் இருக்கும். அது மருத்துவமனையின் வழக்கம், சட்டம் கேட்பதில்லை. கணவர், குடும்பத்தார் சம்மதம், நீதிமன்ற உத்தரவு என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29.9.2022 தீர்ப்பில் எழுதியே வைத்திருக்கிறது.

அவர்கள் பயம் என்ன? கணவர் நாளை வழக்குப் போட்டால்? அப்படி ஒருவர் போட்டும் பார்த்தார். தன் சம்மதமில்லாமல் கருவைக் கலைத்ததாக மனைவி மீதும் மருத்துவர்கள் மீதும் இழப்பீடு கேட்ட கணவரின் வழக்கை பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2011-ல் தள்ளியது. 2017-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. விவாகரத்து வழக்கில் கதை கொஞ்சம் மாறும். 2007-ல் சமர் கோஷ் வழக்கில் மனரீதியான கொடுமைக்கு உதாரணங்கள் அடுக்கிய உச்ச நீதிமன்றம், மருத்துவக் காரணமின்றி, கணவருக்குத் தெரியாமல் மனைவி கருக்கலைப்பு செய்துகொள்வதையும் அதில் சேர்த்தது. (அதே வரியில் மனைவி 'வாசக்டமி' செய்துகொள்வதைப் பற்றியும் தீர்ப்பு பேசுகிறது. அது ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சை என்பதை யாரும் கவனிக்கவில்லை போலும்.) ஆக, கணவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இல்லறத்து விஷயம். மருத்துவர் அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

காரணமாக 'கருத்தடை முறை தவறிவிட்டது' என்பதே போதும். 2021 திருத்தத்துக்கு முன் அது 'மணமான பெண்ணும் கணவரும்' என்று இருந்தது. இப்போது 'பெண்ணும் அவர் துணையும்'.

மருத்துவர் சேர்ப்பது: பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்பதை நம்பித்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. இட்லி ஊட்ட ஆரம்பித்த நாளோடு அது முடிந்தது. உங்களுக்கு எட்டு வாரம் என்பதால் மாத்திரை வழியும் திறந்திருக்கிறது. அதற்கு எல்லை ஒன்பது வாரம், அதாவது 63 நாள். தனியாரில் இழுத்தடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கையெழுத்துச் சண்டையில் ஒரு வாரம் போனால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. 22 வாரம். கூட இருந்தவர் விட்டுப் போய்விட்டார். 20 வாரம் தாண்டினால் கோர்ட்டுக்குத்தான் போகணும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். உண்மையா?
- வாசகி, கோவை

இல்லை. அவர்கள் 2021-க்கு முந்தைய சட்டத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

24.9.2021 முதல் நடைமுறையில் இருப்பது இது: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து. 20-க்கு மேல் 24 வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து, ஆனால் எம்.டி.பி. சட்டத்தின் கீழுள்ள விதிகளில் 3பி-யில் சொன்ன பெண்களுக்கு மட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பகாலத்தில் விதவையானவர் அல்லது விவாகரத்தானவர், உடல் ஊனமுற்றவர்கள், மனநோய் உள்ளவர்கள், கருவில் கடும் குறைபாடு இருப்பவர்கள், பேரிடர் போன்ற நெருக்கடிச் சூழலில் இருப்பவர்கள்.

இந்தப் பட்டியலில் 'மணமாகாதவர்' என்ற சொல் இல்லை. அதைக் காரணம் காட்டித்தான் 2022 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், உங்களைப் போலவே துணை கைவிட்ட 25 வயதுப் பெண்ணுக்கு அனுமதி மறுத்தது. உச்ச நீதிமன்றம் சில நாள்களிலேயே இடைக்கால உத்தரவில் வழி திறந்தது. செப்டம்பர் 29-ல் நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு விரிவான தீர்ப்பு தந்தது. விதவையும் விவாகரத்தானவரும் ஏன் பட்டியலில் இருக்கிறார்கள்? கர்ப்பம் தொடங்கியபோது இருந்த வாழ்க்கைச் சூழல் நடுவில் மாறிவிட்டது என்பதால். அந்த மாற்றம் தாலி கட்டியவருக்கு மட்டும் நடப்பதில்லை. திருமணமான பெண்ணுக்கு 24 வாரம், ஆகாதவருக்கு 20 வாரம் என்று பிரித்தால் அது அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவுக்கு முரண் என்று தீர்ப்பு சொன்னது. ஆகவே நீங்கள் விதி 3பி-யின் (சி) பிரிவுக்குள் வருகிறீர்கள். நீதிமன்றமும் வேண்டாம், மருத்துவ வாரியமும் (நிபுணர் குழு) வேண்டாம். இரண்டு மருத்துவர்கள் கருத்தெழுதும் தாள் 'படிவம் இ'.

உங்களிடம் இருப்பது இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஓடும். கரு தங்கிய நாளிலிருந்து இல்லை. சாதாரண ஆண்டில் ஜனவரி 1-ல் விலக்கானவருக்கு மே 21-ல் 20 வாரம் நிறையும், ஜூன் 18-ல் 24. தேதி சரியாகத் தெரியாவிட்டால் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் கையில் இருக்கிறதா பாருங்கள். அதில் கருவின் நீளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தப்பாது. 22 வாரத்தில் முதன்முதலாக எடுக்கும் ஸ்கேன் முன்பின்னாக இரண்டு வாரம்வரை பிசகும். எல்லை 24-ல் நிற்கும்போது அந்தப் பிசகு உங்களை வெளியே தள்ளிவிடலாம். பழைய ஸ்கேன் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்த வாரத்தில் 'டி அண்ட் சி' (கருப்பையைச் சுரண்டி எடுப்பது) என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கமான முறை, முதல் மருந்து கொடுத்து ஒன்றிரண்டு நாள் கழித்து அடுத்த மருந்தைச் சில மணிக்கொரு முறை கொடுத்து, பிரசவம்போல வலி வரவைப்பது. உள்நோயாளியாக இருக்க வேண்டும். ரத்தம் ஏற்றும் வசதியும் அறுவை அரங்கும் உள்ள இடமாக இருக்க வேண்டும்.

கணவர் வற்புறுத்தி உண்டான கர்ப்பம். இதையும் வன்முறை என்று மருத்துவரிடம் சொல்லலாமா? போலீசில் எழுதிக்கொடுக்கணுமா?
- பெயர் வேண்டாம், சேலம்

சொல்லலாம். மனைவியைக் கணவர் கட்டாயப்படுத்துவது குற்றவியல் சட்டத்தில் இன்னும் பாலியல் வன்புணர்வு ஆகவில்லை. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்த விதிவிலக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவுக்கும் அப்படியே குடிபெயர்ந்திருக்கிறது. ஆனால் எம்.டி.பி. சட்டத்தைப் பொறுத்தவரை அதுவும் வன்புணர்வே என்று மேலே சொன்ன 2022 தீர்ப்பு கூறுகிறது. முதல் தகவல் அறிக்கை வேண்டாம், நிரூபணம் வேண்டாம். நீங்கள் சொல்வதே போதும்.

மெடிக்கல் ஷாப்பில் 'கிட்' கேட்டால் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அது மேல் இல்லையா?
- வாசகி, மதுரை

பெட்டியில் இருப்பது ஐந்து மாத்திரை. ஒன்று மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலையை அது நிறுத்தும். மற்ற நான்கும் மிசோபிராஸ்டால், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. முதல் மாத்திரைக்கும் அடுத்தவற்றுக்கும் ஒன்று முதல் இரண்டு நாள் இடைவெளி வேண்டும். ஒன்பது வாரத்துக்குள், சரியான முறையில் எடுத்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் நல்ல மருந்து. மாத்திரையில் குற்றமில்லை. கடைக்காரர் உங்களிடம் கேட்காத மூன்று கேள்விகளில்தான் ஆபத்து.

முதல் கேள்வி, எத்தனை வாரம்? 'ரெண்டு மாசம் இருக்கும்' என்று வாங்கிப்போய், உண்மையில் பதின்மூன்று வாரமாக இருந்தால் அதே மாத்திரை அரைகுறையாகக் கலைத்துவிட்டு ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும். இரண்டாவது, கரு எங்கே இருக்கிறது? நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கருக்குழாயில் தங்கும். அதற்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. ஆனால் கொஞ்சம் ரத்தம் படும்; 'ஆகிவிட்டது' என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது குழாய் வெடிக்கும். இதனால்தான் மாத்திரைக்கு முன் ஸ்கேன் பார்க்கிறோம். மூன்றாவது, உங்கள் உடம்பு எப்படி? கடும் ரத்தசோகை, ரத்தம் உறையாத கோளாறு, ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுவது, நெடுநாள் ஸ்டீராய்டு இவை இருந்தால் மாத்திரை வழி கூடாது. காப்பர்-டி உள்ளே இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று முடிவு செய்யவேண்டும்.

எடுத்த பிறகு எது வழக்கம், எது ஆபத்து என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது மருந்துக்குப் பின் சில மணி நேரத்தில் மாதவிலக்கைவிடக் கனமான போக்கும் வயிற்றுப் பிடிப்பும் கட்டிகளும் வரும். லேசான கசிவு இரண்டு வாரம்கூட இருக்கும். குளிர்ந்து நடுங்கி ஓரிரு மணி நேரம் சூடு அடிப்பதும் சகஜம். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணியும் அப்படியே ஆனால் உடனே கிளம்புங்கள். ஒரு நாளுக்கு மேல் நிற்கும் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, ஒரு பக்க வயிற்று வலியோடு தலைசுற்றல் இவற்றுக்கும் அப்படியே. ரத்தமே படவில்லை என்றாலும் வரவேண்டும். இரண்டு வாரம் கழித்துக் காட்டுவதைத் தவிர்க்காதீர்கள். வீட்டில் சிறுநீர்ச் சோதனை செய்து பார்த்துப் பயப்படாதீர்கள். கலைந்த பிறகும் நான்கு வாரம்வரை அது 'பாசிட்டிவ்' காட்டலாம்.

வழக்கறிஞர் குறிப்பு: இது 'ஷெட்யூல் ஹெச்' மருந்து, சீட்டில்லாமல் விற்பது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 88-ஆவது பிரிவில், தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அடங்குவார் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. 1860-ல் எழுதியதை 2023-ல் அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். அந்த வரிக்குப் பயந்து, ரத்தப்போக்கோடு வீட்டில் கிடக்காதீர்கள். எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்று மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவதும் பெண் என்று எங்கேயோ ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொண்டு, கலைக்கச் சொல்லி மாமியார் வீட்டில் நெருக்குகிறார்கள். நான் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன்.
- வாசகி, தர்மபுரி

பெறுவது உங்கள் உரிமை. பெண்ணின் சம்மதமின்றி யாரும் கலைக்க முடியாது. கலைத்தால் சன்ஹிதா 89-ஆவது பிரிவின்படி ஆயுள் சிறை, அல்லது பத்தாண்டு வரை சிறை. கருவின் பாலினத்தைச் சொன்னவர் மீது 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். அந்தச் சட்டம் பெண்ணைக் கணவரும் உறவினரும் கட்டாயப்படுத்தியதாகவே முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதால் நீங்கள் புகார் சொல்லத் தயங்க வேண்டாம். மகளிர் உதவி எண் 181.

சட்டக் கல்லூரி மாணவன். இந்தியாவில் கருக்கலைப்பு 'உரிமை'யா, 'அனுமதி'யா? அமெரிக்காவில் 2022-ல் நடந்தது இங்கே நடக்குமா?
- வாசகர், சென்னை

பிரிவு 3(1)-இன் எழுவாயைத் தேடிப் பாருங்கள். 'தண்டனைச் சட்டத்தில் என்ன இருந்தாலும், இந்தச் சட்டப்படி கருவைக் கலைத்த பதிவுபெற்ற மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார்.' வாக்கியத்தில் இருப்பவர் மருத்துவர். பெண் அதில் செயப்படுபொருளாகக்கூட இல்லை. 1964-ல் அமைத்த சாந்திலால் ஷா குழு, நாட்டு வைத்தியத்திலும் குச்சியிலும் பெண்கள் சாவதைப் பார்த்து, மருத்துவர் தைரியமாகச் செய்ய வழி வேண்டும் என்று 1966-ல் பரிந்துரைத்தது. 1.4.1972 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்தத் தைரியத்தைத்தான் கொடுத்தது. ஆறாம் வாரத்தில்கூட 'எனக்கு வேண்டாம்' என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் போதாது. மருத்துவர் 'நல்லெண்ணத்தோடு' ஒரு காரணத்தைப் படிவத்தில் குறிக்கவேண்டும். நல்ல மருத்துவர் கையில் இது வெறும் சம்பிரதாயம். மனசில்லாத மருத்துவர் கையில் பூட்டு.

உரிமை என்ற சொல்லைக் கொண்டுவந்தவை நீதிமன்றங்கள். 2009-ல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கு: அரசுக் காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண் வன்புணர்வில் கருவுற்றார். அவர் பெற்றுக்கொள்ள விரும்பினார். நிர்வாகம் கலைக்கக் கேட்டது. உச்ச நீதிமன்றம் பெண் பக்கம் நின்றது. பெறுவதும் பெறாதிருப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று நம் நாட்டில் அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு, ஒரு பெண் கருவைக் *கலைக்காமல்* இருக்கக் கேட்ட வழக்கில் வந்தது என்பதைக் கவனியுங்கள். 'என் உடம்பு' என்ற வாதம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையானபோது இதுவும் அதற்குள் வந்தது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் நம் கட்டடம் தலைகீழானது. அங்கே 1973-ஆம் ஆண்டு ரோ வழக்கில் நீதிமன்றம் அரசியல் சாசனத்திலிருந்து உரிமையை எடுத்தது. நாடு முழுவதற்குமான சட்டம் அதற்கு அடியில் இல்லை. 24.6.2022-ல் டாப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் திரும்பப் பெற்றதும் ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போனது. இங்கே நாடாளுமன்றச் சட்டம் கீழே நிற்கிறது. நீதிமன்ற உரிமை மேலே கட்டிய மாடி. மாடி ஆடினாலும் தரைத்தளம் நிற்கும். ஆனால் தரைத்தளத்தின் உயரம் 24 வாரம்தான் என்பதை 2023 அக்டோபரில் பார்த்தோம்: இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர், பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கர்ப்பம் தெரியாமலே இருந்தவர், 26 வாரத்தில் வந்தார். முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு இரண்டு பெண் நீதிபதிகள் நேரெதிராகப் பிரிந்தார்கள். கடைசியில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, கருவில் குறைபாடில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்று மறுத்தது. 2022-இன் பெரிய தீர்ப்பை எழுதியவரும் இந்தத் தலைமை நீதிபதியும் ஒருவரே.

கருவில் இருக்கும் சிசுவுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்கிறது இந்து வாரிசுச் சட்டம். சொத்துரிமை உள்ள உயிரைக் கலைப்பது மட்டும் எப்படிக் கொலையாகாது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

நல்ல கேள்வி ஐயா. நீதிமன்றத்திலும் எழுப்பப்படும் வாதம்தான். வாரிசுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவை முழுதாகப் படியுங்கள். சொத்துக்காரர் இறந்தபோது கருவிலிருந்து, *பின்னர் உயிரோடு பிறந்தால்* பங்கு உண்டு. இறந்து பிறந்தால் அந்தப் பங்கு யாருக்கும் போகாது. இருந்ததே இல்லை என்று கணக்காகும். ஆக உரிமை தொடங்குவது பிறப்பில். தொடங்கிய பின் தேதி மட்டும் பின்னோக்கிப் போகிறது.

குற்றவியல் சட்டமும் இந்தக் கோட்டைத் தெளிவாகக் கிழித்திருக்கிறது. சன்ஹிதா 100-ஆவது பிரிவின் மூன்றாம் விளக்கம்: தாயின் கருப்பையிலுள்ள குழந்தை இறக்கக் காரணமாவது மனிதக்கொலை ஆகாது, உடலின் ஒரு பகுதியேனும் உயிரோடு வெளியே வந்துவிட்டால் ஆகலாம். அதற்காகக் கரு ஒன்றுமில்லை என்று சட்டம் சொல்லவில்லை. எம்.டி.பி. சட்டத்துக்கு வெளியே கலைத்தால் மூன்று ஆண்டு. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகென்றால் ஏழு ஆண்டு. வாரம் ஏற ஏறக் கருவுக்கு மதிப்பு கூட்டுவதும், பெண்ணின் உயிர் என்று வரும்போது எல்லாக் கணக்கையும் விட்டுவிடுவதும்தான் நம் சட்டத்தின் போக்கு. எம்.டி.பி. சட்டம் பிரிவு 5-இன்படி உயிரைக் காப்பாற்ற உடனே தேவை என்றால் வார எல்லை கிடையாது, இரண்டாவது மருத்துவர் வேண்டாம், அங்கீகரித்த இடம்கூட வேண்டாம்.

அயர்லாந்தில் அரசியல் சாசனமே இரண்டு உயிரையும் சமம் என்றது. கரு பிழைக்காது என்று தெரிந்தும் இதயத்துடிப்பு இருந்ததால் கலைக்க மறுக்கப்பட்டு, இந்தியாவிலிருந்து அங்கு குடியேறிய பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012-ல் ரத்தத்தில் நோய்த்தொற்று பரவி இறந்தார். 2018-ல் பொதுவாக்கெடுப்பு வைத்து அந்தப் பிரிவை அவர்கள் நீக்கினார்கள். சமம் என்று எழுதுவது எளிது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் மருத்துவர், சாவது பெண்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தில் ஏதோ சந்தேகம் என்றார்கள். எக்கோ, இரண்டாவது கருத்து என்று அலைந்து, உறுதியானபோது 25 வாரம். இனி வழியே இல்லையா?
- தம்பதி, திருநெல்வேலி

இருக்கிறது. கருவில் கணிசமான குறைபாடு என்று மருத்துவ வாரியம் கண்டறிந்தால் சட்டத்தில் வார எல்லையே இல்லை. உங்கள் அலைச்சல் உங்கள் தவறுமில்லை. உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனே 18 முதல் 20 வாரத்தில்தான் சரியாகத் தெரியும். இதய எக்கோ அதற்குப் பின். பனிக்குட நீர் எடுத்து மரபணுப் பரிசோதனை என்றால் முடிவுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம். 20 வாரம்தான் எல்லை என்றிருந்த காலத்தில் எத்தனையோ பேர் நீதிமன்றத்துக்கு ஓடியது இதனால்தான்.

வாரியத்தில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் ஆகியோர் கட்டாயம் இருக்க வேண்டும். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறுத் துறையில் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். எல்லா ஸ்கேன், எக்கோ அறிக்கைகளின் நகல், அடையாள அட்டை, முதல் ஸ்கேன். நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். விண்ணப்பம் கிடைத்த மூன்று நாளில் வாரியம் கருத்துச் சொல்லவேண்டும், அனுமதித்தால் ஐந்து நாளுக்குள் சிகிச்சை நடக்கவேண்டும் என்பது விதி. முத்திரை இல்லாவிட்டால் அந்த மூன்று நாள் எப்போது தொடங்கியது என்று உங்களால் காட்ட முடியாது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'சட்டப்படி இயலாது' என்ற ஒற்றை வரி போதாது. பெண்ணின் உடல், மன நிலையையும் வாரியம் மதிப்பிட வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்த கதவு உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பதினாறு வயது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயமாக இருக்கிறது. அப்பா இல்லை, தாய்மாமன்தான் வளர்க்கிறார்.
- பெயர் வேண்டாம், விழுப்புரம்

சட்டத்தில் பாதுகாவலர் என்றால் பிள்ளையைப் பராமரிப்பவர். அப்பாவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தாய்மாமன் கையெழுத்துப் போடலாம். வாரம் 24 வரை விதி 3பி-யில் சிறுமிகள் வருகிறார்கள்.

போலீஸ் விஷயம்: போக்சோ சட்டம் (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கானது) 19-ஆவது பிரிவின்படி மருத்துவர் தகவல் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவர் மேல் வழக்கு. ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் சொல்லத் தேவையில்லை என்று 2022 தீர்ப்பு வழி செய்திருக்கிறது. இதை நீங்களே வாய்விட்டுக் கேட்கவேண்டும். வழக்கு நடத்த விரும்பினால் சிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள், திசுவை டி.என்.ஏ. சோதனைக்கு எடுத்துவைக்க வேண்டும். வழக்கம்போல ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.என்.ஏ. சிதைந்து, சாட்சி போய்விடும்.

கலைப்பதா வேண்டாமா என்று அந்தப் பெண்ணிடம் தனியாக ஒருமுறை கேளுங்கள். கையெழுத்து பாதுகாவலருடையது என்றாலும், அவள் கருத்து வேறாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

நான் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறேன். அக்கா யாழ்ப்பாணத்தில். சட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே?
- வாசகி, மண்டபம்

இல்லை. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 303-ஆவது பிரிவு இன்றும் அப்படியே. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் அனுமதி. வன்புணர்வுக்கோ கருவின் குறைபாட்டுக்கோ இல்லை. ஆனால் கரு கலைந்து ரத்தப்போக்கோடு வருபவருக்கு அரசு மருத்துவமனை சிகிச்சை தருவது குற்றமில்லை. அக்கா அதற்குத் தயங்கவேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்தில் இந்தியச் சட்டம். அதில் 'கர்ப்பிணிப் பெண்' என்றுதான் இருக்கிறது. குடியுரிமை கேட்கும் வரி இல்லை.

ஆஸ்பத்திரி நோட்டில் பெயர் ஏறிவிட்டால் நாளைக்கு யாராவது எடுத்துப் பார்க்க மாட்டார்களா? வேலைக்கு லீவு எப்படிக் கேட்பது?
- வாசகி, ஓசூர்

பெயர் ஏறும் நோட்டு ஒன்றே ஒன்று, சேர்க்கைப் பதிவேடு. அது ரகசிய ஆவணம். ஆண்டு தொடங்கும்போது எண் ஒன்றிலிருந்து தொடங்கும். உங்களுக்கு ஒரு வரிசை எண் கிடைக்கும். கேஸ் ஷீட், அறுவை அரங்கின் பதிவேடு, அடுத்த முறை வருவதற்கான அட்டை எதிலும் பெயர் வரக்கூடாது, அந்த எண்தான் வரவேண்டும் என்று விதிமுறை இருக்கிறது. படிவம் சி-யையும் மருத்துவரின் கருத்தையும் உறையில் போட்டு ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று எழுதி மருத்துவமனைத் தலைவரின் பொறுப்பில் வைக்கவேண்டும். பதிவேட்டை அந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு காப்பார்கள். சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு யாரிடமாவது மருத்துவர் வெளியிட்டால் 2021-ல் சேர்த்த 5ஏ பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. கேஸ் ஷீட்டில் உங்கள் பெயரை எழுதக் கண்டால் அப்போதே நிறுத்தி, வரிசை எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

விடுப்புக்கு: கருக்கலைப்புக்குப் பின் ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு என்பது மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்தது, சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அதற்குச் சான்று வேண்டும். நீங்கள் விண்ணப்பித்தால் மருத்துவர் அந்தச் சான்றை உங்கள் கையில் தரலாம். அதை வாங்கிய நிர்வாகம் அதிலுள்ளதை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது. ஆகவே மேற்பார்வையாளர் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். மனிதவளப் பிரிவில் உறையில் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.